எழுத்தை நம்பி வேலையை விடலாமா?

சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 29. எட்டாம் வகுப்பிலிருந்து எழுதுகிறார். மூன்று நோட்டு நிறையக் கதைகள் இருக்கின்றன, இரண்டு சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. "வேலையை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா? தமிழில் எழுதிப் பிழைக்க முடியுமா? வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள்" என்பது கேள்வி. கூடவே ஒரு கதையின் முதல் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறார்.

முடியும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடம் இதுவரை யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எப்படி முடியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் 30 வருடத்துக்கு மேல் பத்திரிகைகளிலும் பதிப்பகங்களிலும் இருந்தவன். நான் பார்த்தவரை, படித்தவரை, தமிழில் எழுத்தால் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் கதை எழுதியதோடு நிற்கவில்லை. எழுத்தைச் சுற்றியிருக்கிற வேலை ஒன்றைக் கையோடு கற்றுக்கொண்டார்கள். அச்சுக்கோத்தார்கள், புரூஃப் (அச்சுப்பிழை) பார்த்தார்கள், துணையாசிரியராக உட்கார்ந்தார்கள், மொழிபெயர்த்தார்கள், பத்திரிகையே நடத்தினார்கள். அந்த வேலை சோறு போட்டது. அதே வேலை அவர்களுடைய எழுத்தையும் வளர்த்தது.

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வதில் அவருக்கு அத்தனை ஆசை. கணவர் பார்த்தசாரதி நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்த்துவிட்டு வந்தபின், நாமே ஒரு நாடகம் எழுதினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஆனால் எழுதத் தெரியாது. ஆசை இருந்தது, கதை இருந்தது, கையில் எழுத்து இல்லை. என்ன செய்தார் தெரியுமா? பட்டம்மாள் என்ற தோழியை உட்கார வைத்து, தான் சொல்லச் சொல்ல அவரை எழுத வைத்தார். அப்படி வந்ததுதான் 'இந்திர மோகனா' நாடகம், 1924-ல் அச்சானது. அதன்பிறகு அந்தத் தோழியிடமே தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கூடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி எழுதுகிறாள். நடுவில் அடுப்பில் எதையோ இறக்க எழுந்து போயிருப்பார்கள், திரும்பி வந்து "எதுல விட்டோம்?" என்று கேட்டிருப்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லிக் கதை செய்தவர் என்பதால்தானோ என்னவோ, பின்னாளில் அவர் மேடையில் பேசியபோதும் கூட்டம் கட்டுண்டு கேட்டது.

உங்கள் கேள்விக்கு இதற்கு அடுத்த வருடம் நடந்ததுதான் முக்கியம். 1925-ல், நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை அவர் வாங்கினார். 'வைதேகி' என்ற தன் நாவலை அதில் தொடராகப் போட்டார். சுமார் 35 வருடம் அந்தப் பத்திரிகையை நடத்தினார். சொந்தமாக அச்சகமும் வைத்தார். 1932-ல் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோது அங்கேயும் எழுதினார். மொத்தம் 115 நாவல்கள். 1960-ல் காலமானார்.

கதையை யாராவது போடுவார்களா என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. பேப்பர் வாங்குவது, சந்தா சேர்ப்பது, கணக்குப் பார்ப்பது, மாதம் பிறந்தால் இதழை வெளியே அனுப்புவது என்று வேலை அத்தனையும் அவர் தலையில் இருந்தது. நீங்கள் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். சரக்கு என்ன விலைக்கு வந்தது, என்ன விலைக்குப் போனது, எவ்வளவு தேங்கியது என்று படிக்கத் தெரிந்த எழுத்தாளர்கள் மிகக் குறைவு. எத்தனையோ நல்ல சிற்றிதழ்கள் நல்ல கதை கிடைக்காமல் நிற்கவில்லை, கணக்குப் பார்க்க ஆள் இல்லாமல் நின்றன.

அடுத்து கல்கி. அவர் எடுத்த எடுப்பில் நாவலாசிரியராக வந்து உட்காரவில்லை. ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார், ஒரு வருடம் சிறையில் இருந்தார். 1923-ல் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி'யில் துணையாசிரியர் ஆனார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு மதுவிலக்குக்காக 'விமோசனம்' பத்திரிகை. அதன்பிறகுதான் ஆனந்த விகடன். 1941-ல் விகடனிலிருந்து விலகி, சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி'யைத் தொடங்கினார். சதாசிவத்தின் மனைவி, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து வந்த பணம் அதற்கு முதலாகப் போனது. 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது 1950-ல், முடிந்தது 1954-ல். ஏறத்தாழ மூன்றரை வருடம், வாரா வாரம். முடித்த அதே வருடக் கடைசியில் காலமானார். பத்திரிகை ஆபீசில் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு பழகிய கை அது. வாரக் கெடு அந்தக் கைக்குச் சுமையாக இருந்திருக்காது.

ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கடலூரிலிருந்து வந்து, சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களோடு வளர்ந்தார். அச்சுக்கோத்தார், புரூஃப் பார்த்தார், இன்னும் என்னென்னவோ வேலை செய்தார். 2002-க்கான ஞானபீடம் அவருக்குக் கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அச்சாபீஸ் நாட்கள்தான்.

ஏன் அச்சாபீஸைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், எனக்கும் அதுதான் பள்ளிக்கூடம். 1984-ல் எழுத்தாளன் ஆகவேண்டும் என்று சென்னைக்கு வந்தேன். கிடைத்தது திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஃபாரம் என்றால் 16 பக்கம். ஈய எழுத்துக் காலம் அது. கம்பாசிடர் நின்றுகொண்டே அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து எழுத்தைப் பொறுக்கி, இடது கையில் பிடித்த சட்டத்தில் அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். அவர் அதைச் சரளமாகப் படிப்பார்.

முதல் வாரமே ஃபோர்மேன் என்னிடம் சொன்னார்: "வாயால படிங்க தம்பி. கண்ணு ஏமாத்தும்." நமக்குத் தெரிந்த வாக்கியத்தைக் கண் தானாகவே சரியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். வாய்விட்டுப் படித்தால்தான் விட்டுப்போன 'க்' தெரியும், மூச்சு முட்டுகிற வாக்கியமும் தெரியும். இன்றைக்கும் நான் எழுதியது எதையும் வாய்விட்டுப் படிக்காமல் வெளியே அனுப்புவதில்லை.

இன்னொன்று. ஒரு நாள் சாயங்காலம் அவர் பக்கத்தைக் காட்டி, "ரெண்டு வரி கூடுது. எதை எடுக்கலாம், சொல்லுங்க" என்றார். ஈயம் சுருங்காது. இன்று கம்ப்யூட்டரில் எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்துவிடலாம், அன்று இரண்டு வரி கூடினால் இரண்டு வரியை எடுத்தே ஆகவேண்டும். கட்டுரை எழுதியவர் ஊரில் இல்லை. மிஷின்காரர் காத்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை நாலைந்து முறை படித்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம், முதல் பத்தியில் சொன்னதையே அலங்காரமாக மறுபடி சொன்னது. அதை எடுத்தேன். பக்கம் சரியாக உட்கார்ந்தது. கட்டுரையும் முன்னைவிட நன்றாக இருந்தது. ஊர் திரும்பிய கட்டுரையாளர் அச்சான பக்கத்தைப் படித்தார், எதுவும் குறைந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. எடிட்டிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அதன்பின் என் கதைகளை நான் பார்த்த விதமே மாறிப்போனது.

சரி, இப்போது ஈய எழுத்தும் இல்லை, கம்பாசிடரும் இல்லை. அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பவர்களும் எடிட்டர்களும் தேவைப்படுகிறார்கள். பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவர்கள் அருகி வருவதால் நல்ல ஆளுக்கு வேலை தேடி வருகிறது. மொழிபெயர்ப்பு இருக்கிறது. புத்தகம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓ.டி.டி.யில் வரும் படங்களுக்கு சப்டைட்டில், பிறமொழிப் படங்களுக்கு டப்பிங் வசனம், கம்பெனிகளின் செயலிகளில் வரும் தமிழ் என்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். ஒலிப்புத்தகம், விளம்பர வாசகம், சீரியல் வசனம், நிறுவன மலர், பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றை அவர்களுக்காக எழுதிக் கொடுப்பது எல்லாம் உண்டு. இதில் பாதி வேலையைச் சாத்தூரில் இருந்தபடியே செய்யலாம். எங்கள் காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்தால்தான் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் தலைமுறையைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

கதைப் புத்தகம் மட்டும் எழுதினால் என்ன வரும் என்பதையும் பார்த்துவிடலாம். நீங்கள் கணக்குத் தெரிந்தவர், நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் தொகுப்புக்கு விலை 250 ரூபாய் என்று வையுங்கள். ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், ஆக பிரதிக்கு 25 ரூபாய். புதிய எழுத்தாளருக்கு இப்போது 300 பிரதி அடிப்பதே தைரியம். முழுக்க விற்றால் 7,500 ரூபாய். அதுவும் விற்று முடிய ஒரு புத்தகக் கண்காட்சியோ இரண்டோ ஆகும். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. அந்த 7,500 ரூபாயை நம்பி உட்கார்ந்தால் மூன்றாவது மாதமே எழுத்தின் மேல் வெறுப்பு வந்துவிடும். நல்ல எழுத்தாளர்கள் பலருக்கு அப்படி ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத்தின் மேல் வெறுப்பு வருவது பணம் இல்லாததைவிடப் பெரிய நஷ்டம்.

புதுமைப்பித்தனை நினைக்காமல் என்னால் இதைப் பேச முடிவதில்லை. தமிழ்ச் சிறுகதையின் முகத்தையே மாற்றியவர். அவரும் பத்திரிகை வேலைதான் பார்த்தார். 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று. உலகக் கதைகளை நிறைய மொழிபெயர்த்தார். கடைசியில் சினிமாவை நம்பிப் போனார், சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார். காசநோய் வந்து 1948-ல் 42 வயதில் போய்விட்டார். திறமை போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வருமானம் நிலையாக இல்லாத வீட்டில் நோய் வந்து உட்கார்ந்தால் எந்தத் திறமையும் தாங்காது. உங்கள் வீட்டில் வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் பயத்தைத்தான் சொல்கிறார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள்.

வேலையில் இருந்தபடியே எழுதியவர்களையும் பாருங்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆபீஸ் போய்க்கொண்டேதான் அத்தனை தொடர்களையும் எழுதினார். எழுத்தாளர் லட்சுமி, இயற்பெயர் திரிபுரசுந்தரி, இதற்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தவர். டாக்டருக்குப் படிக்கும்போது பணமுடை. ஆனந்த விகடனில் எழுதி, அந்தப் பணத்தில் படிப்பைத் தொடர்ந்தார். 1984-ல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். சுஜாதாவுக்கு ஆபீஸ் எழுத்தைத் தாங்கியது, லட்சுமிக்கு எழுத்து படிப்பைத் தாங்கியது.

அசோகமித்திரன் என் மனதுக்கு மிக நெருக்கமானவர். அப்பா இறந்தபின் 1952-ல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே அவருடைய வேலை, செய்தித்தாள்களில் வந்த செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா பேப்பர் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுமாம், அவரே எழுதியிருக்கிறார். 14 வருடம். 1966-ல் அந்த வேலையிலிருந்து வந்து முழுநேர எழுத்தாளர் ஆனார். அதன்பின் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவல் முழுக்கச் சினிமா ஸ்டூடியோக்களின் உலகம். செட் போடுகிறவர்கள், புரொடக்‌ஷன் மேனேஜர், கார் டிரைவர் என்று திரைக்குப் பின்னால் இருக்கிற மனிதர்கள். அந்த மூலையில் அத்தனை வருடம் உட்கார்ந்திருக்காவிட்டால் அது கிடைத்திருக்குமா? முழுநேரம் ஆனபின்னும் அவர் 'கணையாழி'யில் ஆசிரியர் வேலை பார்த்தார், ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், புத்தக மதிப்புரை எழுதினார். எளிய வாழ்க்கைதான். ஆனால் கடைசிவரை எழுதினார்.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது, இப்போது வேலையை விடவேண்டாம். இந்த வருடமே ஒரு பக்கத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தைப் பார்த்தால் புரூஃபும் எடிட்டிங்கும்தான் சரி என்று தோன்றுகிறது. சந்தி உங்களுக்கு நன்றாகவே வருகிறது, அந்த ஒரு பக்கத்தில் இரண்டே இடத்தில்தான் ஒற்று விட்டிருந்தது. ஒரு பதிப்பகத்துக்கு எழுதி, ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தருகிறேன் என்று கேளுங்கள். இலவசமாக வேண்டாம், குறைந்த கூலியாக இருந்தாலும் கூலி வாங்குங்கள். அந்த வருமானம் தொடர்ந்து ஒரு வருடம் உங்கள் கடைச் சம்பளத்தில் பாதியைத் தொட்டால், அப்போது விடுவதைப் பற்றிப் பேசலாம். கூடவே, வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் கையில் இருக்கவேண்டும்.

உங்கள் சொந்த எழுத்துக்கு ஒரு நேரத்தை ஒதுக்கி வையுங்கள். கடைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் கூலி எழுத்தைத் தொடக்கூடாது. இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கடைப்பிடித்தேன். அதற்கு முன் பத்து வருடம் மற்றவர்களின் பக்கங்களைத் திருத்தியே போயிற்று. பக்கத்தொழில் நம்மை மொத்தமாக விழுங்கப் பார்க்கும், விடாதீர்கள்.

ஒப்பந்த விஷயமும் உண்டு. என் முதல் தொகுப்பு வந்தபோது பதிப்பாளர் மிக அன்பாகப் பேசினார். காகிதத்தில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. நானும் கேட்கக் கூச்சப்பட்டேன். அந்தப் புத்தகம் மூன்றாம் பதிப்பு வந்ததை நான் ஒரு புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ராயல்டி வந்தது முதல் பதிப்புக்கு மட்டும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன், எழுத்தில் இருக்கட்டும். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்துமூலமாகத்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் போடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். எந்தப் பகுதிக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உங்கள் எழுத்து உங்கள் ஆயுள் முழுக்க உங்களுடையது, அதன்பின் 60 வருடம் உங்கள் வாரிசுகளுடையது. அதனால் "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒலிப்புத்தகம், மின்னூல், சினிமா, மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படவேண்டாம். நல்ல பதிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய பக்கம். அதை மூன்று முறை படித்தேன், ஒரு முறை வாய்விட்டு. முதல் இரண்டு பத்திகள், காலம் எப்படி ஓடுகிறது, நினைவுகள் எப்படி அலைபோல வருகின்றன என்று போகின்றன. அவை நீங்கள் படித்த கதைகளிலிருந்து வந்தவை. மூன்றாவது பத்தியில் அப்பத்தா வருகிறார். சாயங்கால வெளிச்சத்தில் வாசல்படியில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார். பசை காய்ந்து விரல்நுனி வெள்ளையாக உரிகிறது. சோறு பிசையும்போது பசை வாடை வருகிறது என்று பேத்தி சொல்ல, "இந்த வாடைதான்டி நீ படிக்கிற படிப்பு" என்கிறார். அங்கே நான் நிறுத்திவிட்டேன், கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவரிடம் எழுத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கதையை அந்த வாசல்படியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு பத்திகளை எடுத்துவிடலாம், பக்கம் சரியாக உட்காரும். அப்புறம், அப்பத்தா பெட்டிகளை எண்ணிக் கட்டுகிற இடத்தில் ஒரு குரோசுக்கு அப்போது என்ன கூலி கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 144 பெட்டிக்கு அந்தக் கையில் என்ன விழுந்தது என்று தெரிந்தால் அந்தப் பேச்சு இன்னும் பலமாக விழும். அப்பத்தா இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.